ஏறாத மூன்றாம் மலை

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதுமாறு மலராசிரியர் பணித்த கடிதம் எமது கைக்கு வந்தபோது, எழுதத்தக்க சிறப்பு எம்மிடம் யாதுளது என்று எண்ணிப் பார்த்தோம். கல்லூரியன்னையின் மடியை விட்டு நீங்கிய மைந்தர் பலர் தாம் ஏறிய உயரங்களைப் பற்றி இத்தகைய மலர்களில் எழுதுவர். அது முறையே, அவற்றைப் படித்து மகிழ்வோரில் யாமும் ஒருவர். ஆயின், யாம் இங்கு எழுதப் புகுந்தது ஏறாது விட்ட ஓர் உயரத்தைப் பற்றியே.

எம்மோடு ஒரே வகுப்பிற் கற்ற மூவர் இன்று இங்கிலாந்தில் வாழ்கின்றனர். ஒருவர் மருத்துவர், ஒருவர் பொறியியலாளர், ஒருவர் கணக்காளர். பெயர் கூறின் அவர்கள் நாணுவர். ஆதலின் தொழிலாலேயே சுட்டுவோம். பொறியியலாளர் கல்லூரி நாளில் மரதன் ஓட்டத்தில் முதல்வராய் வந்தவர். அந்நாளில் அவருடன் ஓடிய நாமெல்லாம் அவரது முதுகைக் கண்டதன்றி முகத்தைக் கண்டதில்லை. கணக்காளரோ இல்லமெய்வல்லுநர் போட்டியன்று மேசையருகே அமர்ந்து புள்ளிகளைக் கூட்டி எழுதியவர். ஓடும்படி எவரும் அவரைக் கேட்டதுமில்லை, அவர் ஓடியதுமில்லை. நாற்பது வயதைக் கடந்த பின்னர், உடல் பருத்து மூச்சு முட்டத் தொடங்கிய காலத்தில், இந்நால்வரும் மீண்டும் ஒன்று கூடி ஓடத் தொடங்கினோம். தெருவிலே தொடங்கிய ஓட்டம் சில ஆண்டுகளில் மலைவழி ஓட்டமாயிற்று.

மலைவழி ஓட்டம் என்னும் பெயர் கேட்போரை ஏமாற்றுவது. செங்குத்தான ஏற்றங்களில் எவரும் ஓடுவதில்லை. முழங்காலிற் கையை ஊன்றி விரைந்து நடப்பதே வழக்கம். சமநிலத்தில் மெல்லோட்டம், இறக்கத்தில் கண்ணும் காலும் ஒன்றாய்ப் பாயும் ஓட்டம். சேறு, சதுப்பு, வழுக்குப் பாறை, மதிலேறும் மரப்படி ஆகிய யாவற்றையும் வந்தவாறே ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்நாட்டின் வடபாலார் இதனை நெடுங்காலமாகப் பயின்று வருகின்றனர்.

அவ்வடபாலில் யோர்க்சயர் என்னும் பகுதியில் மூன்று மலைகள் உள. பெனிகென்ற் 694 மீற்றர்; வேர்ன்சைட் 736 மீற்றர்; இங்கிள்பரோ 723 மீற்றர். ஹோட்டன் என்னுஞ் சிற்றூரிலிருந்து புறப்பட்டு மூன்றையும் ஏறியிறங்கி அவ்வூருக்கே மீளும் வழி ஏறக்குறைய 24 மைல் நீளமுடையது. (ஹோட்டன் என்றதும் எமது மலைநாட்டு ஹோட்டன் சமவெளி சிலர்க்கு நினைவு வரலாம். அது தேசாதிபதி ஒருவர் பெயரால் வந்தது, இஃது ஊர்ப்பெயர்.) அவ்வழியை 12 மணித்தியாலத்துட் கடத்தல் வேண்டுமென்பது நடப்போர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மரபு. 1954ஆம் ஆண்டிலே தொடங்கிய ஓட்டப் போட்டியும் ஒன்றுண்டு. அதில் முதல்வராய் வருவோர் 3 மணித்தியாலம் அளவில் ஓடி முடிப்பர். அது மானின் வேகம். எமக்கு 12 மணித்தியாலமே இலக்கு.

நாம் யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் வளர்ந்தவர்கள். ஆறுமில்லை, மலையுமில்லை. மலை என்னும் பெயர் தாங்கியதாக இளமையில் நாம் கண்டது கீரிமலை. அங்கும் ஏறுவதற்கு ஒன்றுமில்லை, இறங்கிக் குளிப்பதற்குக் கேணியே உண்டு. ஆயினும் இளமையில் ஒருமுறை சிவனொளிபாதமலையில் ஏறியிருந்தோம். 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலையில் இரவோடிரவாக ஏறிக் கதிரவன் எழக் கண்ட எமக்கு, அதன் மூன்றிலொரு பங்களவேயான இம்மலைகள் எம்மாத்திரம் என்ற இறுமாப்பு உள்ளத்தில் இருந்தது. மலையின் வன்மை அதன் உயரத்தில் மட்டும் இல்லை, அது நிற்கும் இடத்திலும் அன்று வீசும் காற்றிலும் உண்டென்பதை நாம் அறிந்திருக்கவில்லை.

2018ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றை நாள் குறித்தோம். வெறுமனே ஓடுவதேன், கல்லூரிக்கு ஏதேனும் பயன் விளையட்டும் என்று எண்ணி, வசதி குறைந்த மாணவர்க்கு உதவும் நிதிக்காக நண்பரிடமும் பழைய மாணவரிடமும் வாக்குறுதி பெற்றோம். மூன்று மலைகளையும் ஒரே நாளிற் கடந்தால் இவ்வளவு தருவோம் என ஒவ்வொருவரும் எழுதித் தந்தனர். அந்தப் பட்டியலைக் கணக்காளர் தமது குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அப்புத்தகம் எமது காலுக்கு ஊக்கம் அளித்தது. எமது அறிவுக்கோ அஃது ஒரு விலங்காயிற்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

அன்று மழையும் கடுங்காற்றும் இருக்குமென வானிலை அறிவிப்பு முன்னரே கூறியிருந்தது. நாளை மாற்றலாமா என்று மருத்துவர் கேட்டார். விடுமுறை எடுத்தாயிற்று, பணம் தருவோருக்கு நாள் அறிவித்தாயிற்று, இனி மாற்றுவதெங்ஙனம் என மறுத்தவர் இதனை எழுதும் யாமே. அம்மட்டோ! முதுகுப்பையின் சுமை குறையட்டும் என்று எமது மாற்றுக் கம்பளிச் சட்டையை வண்டியிலேயே விட்டு வந்தோம். கணக்காளரது பையோ வீங்கிப் பெருத்திருந்தது. அதனுள் மாற்றுடை, சுடுநீர்ப் போத்தலில் இனிப்புத் தேநீர், ஊரிலிருந்து வந்த பனங்கட்டி, நிலப்படம், திசைகாட்டி, ஊதுகுழல், ஆள் முழுதும் புகுந்து படுக்கத்தக்க பெரிய பிளாஸ்ரிக் பை ஒன்று ஆகியன இருந்தன. “கடை விரிக்கப் போகின்றாயா?” என்று நாம் நகைத்தோம். அவரும் உடன் நகைத்தார். ஆனாற் பையிலிருந்து ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை.

காலை ஆறேமுக்கால் மணிக்கு மழையோடே புறப்பட்டோம். பெனிகென்ற் மலையின் தலைப்பகுதி படிப்படியாய் உயர்ந்த பாறை. கையாலும் பற்றி ஏற வேண்டிய இடங்களும் உள. அங்கே முகில் எம்மை மூடியது. மழை மேலிருந்து விழவில்லை. பக்கவாட்டில் வந்து முகத்தில் அறைந்தது. உச்சியில் ஒருவர் சொல் மற்றவர் செவிக்கு எட்டவில்லை. அங்கே யாம் பல் கிட்டி நடுங்குவதைக் கண்ட பொறியியலாளர் தமது பையிலிருந்த கம்பளிச் சட்டையை எடுத்து எம்மிடம் தந்தார். “எனக்கு ஓட ஓடச் சூடு வரும், நீ போட்டுக்கொள்” என்றார். யாமும் போட்டுக்கொண்டோம். நண்பன் தந்ததை நண்பன் பெற்றான் என்பதற்கு மேல் எதனையும் எண்ணவில்லை.

அம்மலையின் மேற்றலை மணற்கல், அடியிலுள்ளது சுண்ணாம்புக்கல். இறங்கி வருகையில் வழியைச் சற்று விலகினால் நிலம் திடீரென வாய் பிளந்து நிற்கும் பெரும்பள்ளம் ஒன்றைக் காணலாம். ஏறக்குறைய 90 மீற்றர் நீளமும் 18 மீற்றர் ஆழமும் உடையது. பெருமழை நாளில் ஓர் ஓடை அதனுள் அருவியாய் விழுந்து மறையும். அன்று அது முழங்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் நின்றபோது எமக்கு நிலாவரைக் கிணறு நினைவில் எழுந்தது. மழைநீர் கல்லைக் கரைத்து உட்புகுந்து நிலத்தடியில் ஓடுதல் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்கும் இயல்பு, யோர்க்சயர்ச் சுண்ணக்கல்லுக்கும் இயல்பு. இது 30 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. எமது மண்ணிலுள்ளது மிக இளையது. அண்ணனும் தம்பியும் என்று சொல்லி மகிழ்ந்தோம். அந்நாளில் நாம் மகிழ்ந்து நகைத்த இறுதி இடம் அதுவே.

பின்னர் ரிபிள்ஹெட் என்னும் இடம் வரையும் நெடுவழி. இங்கேதான் எமது தவறு மெல்ல வளர்ந்தது. பொறியியலாளர் இயல்பாகவே விரைவானவர், முன்னே சென்றுவிடுவார். ஆயினும் நண்பரை விட்டுச் செல்லும் மனம் அவர்க்கில்லை. ஒவ்வொரு படலையிலும், ஒவ்வொரு மதிற்படியிலும் நின்று எமக்காகக் காத்திருப்பார். நாம் வந்து சேர்ந்ததும் மீண்டும் ஓடுவார். நாமோ மெதுவாயினும் ஓயாது இயங்கினோம். ஆதலின் உடலிற் சூடு நிலைத்தது. அவரோ ஓடி வியர்ப்பதும், நனைந்த உடையோடு காற்றில் ஐந்து நிமிடம் நின்று குளிர்வதுமாக இருந்தார். ஒரு நாளில் இருபது முறை அங்ஙனம் நின்றிருப்பார். காத்திருத்தலே அவரை வாட்டுகின்றதென்பதை நாம் ஒருவரும் எண்ணவில்லை. விரைவானவர்க்கு ஓய்வு கிடைக்கின்றதென்றே கருதினோம்.

ரிபிள்ஹெட்டில் 24 வளைவுகளையுடைய நெடும்பாலத்தின் மேலாகப் புகையிரதப் பாதை செல்கின்றது. 1870ஆம் ஆண்டு தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் அதனைக் கட்டி முடித்த தொழிலாளர் கொட்டும் மழையிலும் பனியிலும் அச்சதுப்பில் குடிசையமைத்து வாழ்ந்தவர்கள். விபத்தாலும் அம்மை நோயாலும் மாண்டோர் பலர். பாலத்தின் கீழ் ஒதுங்கிப் பனங்கட்டியைக் கடித்தவாறு நின்றபோது, மழையை வெறுத்துப் பேச எமக்கு நாணமாயிருந்தது.

வேர்ன்சைட் மலையை ஏறியபோது நண்பகல் கழிந்திருந்தது. முதுகெலும்பு போல் நீண்ட அதன் முகட்டில் காற்று எம்மைத் தள்ளியது. பொறியியலாளர் பேச்சைக் குறைத்திருந்தார். வெற்றி வீரர் மௌனமாய் ஓடுதல் இயல்பென்று எண்ணினோம். செங்குத்தான சரிவில் இறங்கித் தெருவை அடைந்தபோது மணி ஒன்றேமுக்கால். அவ்விடத்தில் இரு வழி உண்டு. இடப்பக்கம் தெருவாற் சென்றால் ரிபிள்ஹெட் புகையிரத நிலையம் அதிக தூரமன்று. நேரே சென்றால் இங்கிள்பரோ. “இன்னும் ஒரு மலைதானே!” என்றோம் யாம். கூறியபோது எமது உடலிற் பொறியியலாளரது கம்பளிச் சட்டை இருந்தது.

இங்கிள்பரோவை நோக்கிய வழி கற்பாளங்களின் ஊடே செல்கின்றது. பனியாறுகள் மண்ணைச் சுரண்டிச் சென்றபின் எஞ்சிய வெற்றுச் சுண்ணக்கல் தளம் அது. மழைநீர் அதன் வெடிப்புகளை அரித்து ஆளமிழ்த்தும் பிளவுகளாக்கியுள்ளது. அவற்றினுள்ளே காற்றுக்கு ஒதுங்கிப் பன்னங்கள் வளர்கின்றன. அதனைக் கடந்து சதுப்பின் மேலிட்ட பலகைப் பாதையால் ஓடி, மலையின் செங்குத்தான கற்படிகளின் அடியை அடைந்தோம். மேலே ஒன்றுந் தெரியவில்லை. அங்கே வழக்கம்போற் பொறியியலாளர் எமக்காக நின்றிருந்தார்.

கணக்காளரே இறுதியாய் வந்தார். வந்தவர் பனங்கட்டித் துண்டொன்றைத் தாளோடு பொறியியலாளரிடம் நீட்டினார். அவரோ அதனைப் பிரிக்க முயன்றார், விரல்கள் கூடவில்லை. தாளோடு வாயில் வைத்தார். கணக்காளர் அவரது முகத்தைச் சிறிது நேரம் உற்று நோக்கி, “இன்னும் எத்தனை மலை?” என்று கேட்டார். அவர் கூறிய விடை எமக்கு விளங்கவில்லை, நாக் குழறியது. அவருடைய உடல் நடுங்கவுமில்லை. நடுக்கம் நின்றதை நலமென்று யாம் எண்ணியிருந்தோம். அது நலமன்று. உடலின் உட்சூடு 37 பாகை செல்சியசிலிருந்து 35க்குக் கீழ் இறங்கும்போது முதலில் நடுக்கம் மிகும், இன்னும் இறங்கின் நடுக்குவதற்கும் வலிமையற்று உடல் ஓயும், அறிவு மயங்கும், தமக்கு ஏதுமில்லையென்றே அவர் கூறுவர்.

“திரும்புவோம்” என்றார் கணக்காளர்.

மேலே ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த வழிதான் என்று யாம் கூறினோம். கூறியதை மறைக்க விரும்பவில்லை. பட்டியலையும் நினைவூட்டினோம். கணக்காளர் குரலை உயர்த்தவில்லை. “காசுக்கு நான் கணக்குச் சொல்லுவேன், மச்சான். இவனுக்கு இவன் மனைவியிடம் யார் கணக்குச் சொல்வது?” என்றார்.

அச்சொல் எம்மைச் சுட்டது, மருத்துவரை எழுப்பியது. நோயாளரிடம் நாள்தோறும் இவ்வடையாளங்களைத் தேடும் அவரே தம் நண்பரிடம் அவற்றைக் காணவில்லை. காணும் கண்ணோடு நோக்கவில்லை என்று அவர் பின்னர் வருந்தினார். விரைந்து ஒரு கல்மதிலின் காற்றுப்படாத பக்கத்துக்கு நண்பரை நடத்திச் சென்றோம். நனைந்த மேலாடையைக் களைந்து, கணக்காளரது மாற்றுடையையும் அதன்மேல் எமது உடலிலிருந்த அவரது சொந்தக் கம்பளிச் சட்டையையும் அணிவித்தோம். நாம் நகைத்த அந்தப் பெரிய பையினுள் அவரை இருத்தி, மருத்துவரும் உடன் புகுந்து அணைத்துக்கொண்டார். கைகால்களைத் தேய்க்கலாகாது, மது கொடுக்கலாகாது என்று எம்மைத் தடுத்து, இனிப்புத் தேநீரைச் சிறிது சிறிதாய்ப் பருக்கினார். அரை மணித்தியாலத்தின் பின் நண்பர் நடுங்கத் தொடங்கினார். ஒருவர் நடுங்கக் கண்டு மூவர் மகிழ்ந்தது எமது வாழ்வில் அதுவொன்றே. பின் இருவர் தோளில் தாங்க மெல்ல இறங்கித் தெருவோரத்து விடுதியொன்றை அடைந்தோம். அங்கிருந்தோர் எமது நிலை கண்டு நெருப்பருகே இடம் ஒதுக்கித் தந்தனர்.

அப்பகுதியில் இடருற்றோரை மீட்பதற்கெனக் குகைமீட்புக் கழகம் ஒன்று 1935ஆம் ஆண்டு முதல் உண்டு. ஊதியம் பெறாத தொண்டரே அதனை நடத்துவோர். அவர்களை அழைக்கும் நிலை எமக்கு வரவில்லை. அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் வந்திருக்கும் என்றார் மருத்துவர். நாம் ஓடிய அதே வழியில் 1978ஆம் ஆண்டுப் போட்டியின்போது ஓட்டவீரர் ஒருவர் குளிரால் உயிரிழந்தார் என்பதையும் பின்னரே படித்தோம். 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டார்பிசயர் மேட்டுநிலத்தில் நிகழ்ந்த நெடுநடைப் போட்டியொன்றில் திரிசாரணர் மூவர் மாண்டனர். 1953ஆம் ஆண்டில் எவரெஸ்ற் சிகரத்தை வென்ற குழுவோடு சென்ற உடலியலறிஞர் கிரிபித் பியூ அம்மரணங்களை ஆராய்ந்தார். உறைபனியன்று, ஈரமும் காற்றும் களைப்பும் கூடுவதே கொல்லும். நனைந்த ஆடை காற்றிலே தனது காக்கும் ஆற்றலிற் பெரும் பகுதியை இழக்கும். விரைந்து இயங்கும்வரை உடல் தன்னைக் காக்கும், இயக்கம் தளர்ந்ததும் தோற்கும். எமது நண்பருக்கு நிகழ்ந்தது இதுவே.

வீடு மீண்டதும் கணக்காளர் பட்டியலிலுள்ளோர் அனைவர்க்கும் இரண்டு மலைகளே ஏறினோம் என்று எழுதினார். ஏன் என்பதையும் எழுதினார். சிலர் முழுப் பணத்தையும் தந்தனர். சிலர் மூன்றில் இரண்டு பங்கு தந்தனர். ஒருவர், வாக்கு மூன்று மலைக்கே என்று கூறி ஒன்றுந் தரவில்லை. அவரைக் குறை கூறோம், வாக்கு வாக்குத்தான். வந்த பணம் ஒரு சதமும் குறையாது மாணவர் நிதியைச் சேர்ந்தது.

மறுவருடம், 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நால்வரும் மீண்டும் சென்றோம். அன்றும் நண்பகல்வரை மழையே. இம்முறை ஒரு விதி செய்தோம்: யார் மெதுவானவரோ அவரே முன்னே செல்வது, எவரும் எவருக்காகவும் காற்றில் நின்று காத்திருப்பதில்லை. கணக்காளர் முன்னே சென்றார். மரதன் வீரர் இறுதியாக வந்தார். எமது மாற்றுச் சட்டை எமது பையிலேயே இருந்தது. இங்கிள்பரோவின் தட்டையான உச்சியில் முகில் விலகியபோது நால்வரும் ஒருங்கே நின்றோம். 11 மணித்தியாலமும் 20 நிமிடமும் ஆயின. முன்னர் ஒன்றுந் தராதவர் இப்போது இருமடங்காக அனுப்பினார்.

இம்மலரைப் படிக்கும் இளமாணவரே, விரைவானவர் நின்று காத்திருத்தல் நல்ல பண்பென்று நாம் கல்லூரியிற் கற்றோம். அது நல்ல பண்பே. ஆயினும் அவர் எத்தகைய காற்றில் நிற்கின்றார் என்று பின்வருவோர் கேட்டறிய வேண்டும். வல்லவர்க்கு ஒன்றும் நேராது என்று எண்ணி அவர் முகத்தை நோக்காது விடுதல், எளியவரை விட்டோடுதலினும் குறைந்த பிழையன்று. உங்கள் வகுப்பிலும் மேசையருகே அமர்ந்து புள்ளி எழுதுபவர் ஒருவர் இருப்பார். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்னே செல்ல விடுங்கள்.

எம் நால்வரையும் ஒரே வாங்கில் இருத்திய கல்லூரியன்னை நீடு வாழ்க.